ஆச்சா மரத்தின் பக்குவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் நாகஸ்வரம் தொடங்கினால் என் கண் குழலின் மரத்துக்குத்தான் போகும். எண்ணெய் ஊறிக் கறுத்த ஆச்சா மரம். கையில் வாங்கினால் கனம் தெரியும்.

நல்ல குழலுக்குப் பேர்போன ஊர் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் என்ற நீண்ட நாகஸ்வரத்தைச் செய்தது அங்கேதான். 2022இல் அவ்வூர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

புதிதாக வெட்டிய மரம் அவ்வூர் ஆசாரிகளுக்கு ஆகாது. பழைய வீடு இடிபடுகிறது என்றால் உத்தரத்தையும் தூணையும் தேடிப் போவார்கள். பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. கடைந்த வட்டத் துளை மெல்ல முட்டை வடிவாகும், சுருதி பிசகும். முனைகளில் ஈரம் முந்தி வெளியேறுவதால் வெடிப்பும் அங்கேதான் முதலில் விழும். தலைமுறைகளாக வெயிலும் மழைக்காற்றும் வாங்கிய உத்தரமோ சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. என்னைக் கேட்டால், இந்தக் காத்திருப்புக்கு ஈடான வேலைப்பாடு வேறில்லை.

கோலாலம்பூரைச் சூழ்ந்த எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழலுக்குச் சோதனை அதிகம். ஏசி மண்டபத்தில் முகூர்த்தம், வாசலில் கொட்டும் மழை. மரம் ஈரத்தை இழுத்தும் விட்டும் அலைபடும். ஊறிய எண்ணெய்தான் அந்த அலைச்சலின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால், வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி வைக்கும் கலைஞர்மேல் எனக்குத் தனி மரியாதை.