காக்கை காளியின் முற்பிறவி

கடத்தூரில் எனக்குப் பூந்தளிர் இதழ்கள் வரிசையாகக் கிடைத்ததில்லை. பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த கட்டிலிருந்து உருவி எடுத்தவைதான். எது முன்னது எது பின்னது என்று தெரியாது. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. நரியும் முதலையும் முயல்களைப் பிடிக்கத் திட்டம் போடும். காக்கை காளி அதைக் கெடுக்கும்.

பிராணிப் பாத்திரங்கள் காலப்போக்கில் மாறுவது மேற்கே நன்கு கவனிக்கப்பட்ட விஷயம். 1928-ல் ஸ்டீம்போட் வில்லி படத்தில் மிக்கி ஒரு பூனையை வாலைப் பிடித்துச் சுழற்றுகிறது. தாய்ப்பன்றியை வாத்தியமாக வாசிக்கிறது. புகழ் ஏற ஏற அதன் குரூரம் அடங்கிற்று. தலையும் கண்ணும் பெருத்துக் குழந்தை முகம் வந்ததை ஸ்டீபன் ஜே கூல்ட் 1979-ல் அளந்தே காட்டினார். கார்ல் பார்க்ஸ் 1947-ல் படைத்த ஸ்க்ரூஜ் வேறு திசையில் போயிற்று. வீட்டில் முடங்கிக் கிடந்த கிழ வாத்து, பின்னால் உலகம் சுற்றும் சாகசக்காரன் ஆனது.

காளியிடம் இப்படி ஒரு மாற்றத்தைத் தேடினேன். நான் படித்தவற்றில் அகப்படவில்லை. சாதுவாகவே பிறந்த காக்கை அது. அதன் முதல் தோற்றத்தைச் சித்திரக்கதைக்கு வெளியே, பஞ்சதந்திரத்தில்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். தாண்டவராய முதலியார் 1826-ல் மராத்தியிலிருந்து தமிழ் வசனமாக்கிய நூல் அது.

அங்கே நரி ஜெயிக்கிறது. தமனகன் கோள் மூட்ட, சிங்கம் தன் நண்பனான காளை சஞ்சீவகனைக் கொல்கிறது. யாரும் வந்து தடுப்பதில்லை. காக்கையோ ஒற்றன். ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுந்து, கடைசியில் அவற்றின் குகைக்கே தீ வைக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையில்கூட ஏமாற்றுகிற நரிக்குத்தான் வடை.

1980-ல் தொடங்கிய டிங்கிளில் இவை புதுப்பிறவி எடுத்துப் பூந்தளிர் வழியாகத் தமிழுக்கு வந்தபோது காக்கைக்குப் புத்தி மட்டும் மிஞ்சியிருந்தது. தீ போய்விட்டது. குழந்தைகளுக்கு எது ஆகும் எது ஆகாது என்ற பெரியவர்களின் எச்சரிக்கை இதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் உருவம். அடுத்த இதழிலும் முயல்கள் வேண்டும், நரியும் வேண்டும். தொடர் என்ற உருவம் சாவை அனுமதிக்காது.

இதை வெறும் நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பஞ்சதந்திரத்து நரி ஒரு நீதியை விளக்க வந்த கருவி. வேலை முடிந்ததும் அதைப் பற்றி நமக்கு அக்கறையில்லை. இந்த நரி தோற்கிறது, மறுபடி பசியோடு வருகிறது. திரும்பத் திரும்ப வந்ததாலேயே அதற்கு ஒரு சுபாவம் படிந்தது. ஜெயித்துக்கொண்டே இருந்த காளிக்கு அது படியவில்லை. தலைப்பில் காக்கையின் பெயர் இருந்தாலும் கதை நரியுடையது.

என்னிடம் இருந்த இதழ்கள் சிலவற்றில் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கும். முயல்கள் தப்பியிருக்கும் என்று தெரியும். நரி என்ன ஆயிற்று என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.