மாறியதை மட்டும் அனுப்பும் கலை

மெதுவான இணைப்பில் மென்பொருளைப் புதுப்பிப்பவர்களுக்காக உருவானவற்றில் மிக நேர்த்தியான வேலை என்று 'டெல்டா' முறையைத்தான் சொல்வேன். முழுக் கோப்பையும் மறுபடி இறக்காமல், மாறிய பகுதியை மட்டும் வாங்கிப் பழையதோடு சேர்த்துப் புதியதைக் கட்டுவது அது. கேட்க எளிது. ஆனால் மூலநிரலில் ஒரு வரி கூடினாலே இயங்குகோப்பில் முகவரிகள் வரிசையாக நகர்ந்துவிடும். திருத்தம் கடுகளவு, வேறுபாடு மலையளவு. 2009இல் குரோம் உலாவிக்காக வந்த கூர்ஜெட் என்ற கருவி, முகவரிகளை அடையாளப் பெயர்களாக மாற்றிவிட்டு ஒப்பிட்டது. அப்போது காட்டிய எடுத்துக்காட்டில் முழுப் புதுப்பிப்பு 1,03,85,920 பைட்; பிஎஸ்டிஃப் கருவியில் 7,04,512; கூர்ஜெட்டில் வெறும் 78,848. சிக்கனம் என்றால் இதுவல்லவா!

இணைப்புகள் வேகமாகிவிட்டன, கணினியை வருத்திக் கோப்பைத் திரும்பக் கட்டுவானேன் என்று கேட்பார்கள். ஃபெடோரா லினக்ஸும் 2024இல், 40ஆம் பதிப்போடு டெல்டா தொகுப்புகளைக் கைவிட்டது. யாரிடம் எந்தப் பழைய பதிப்பு இருக்குமோ என்று ஊகித்து ஒவ்வொன்றுக்கும் டெல்டா தயாரிப்பது வீண்சுமை என்பதும் நியாயம்தான். ஆனால் வேகமான இணைப்புக்காரருக்கு டெல்டாவால் நட்டம் சில நொடிகளே. அளந்து காசு வாங்கும் இணைப்பில் இருப்பவரோ, டெல்டா இல்லையென்றால், பெரிய பதிவிறக்கத்துக்குப் பயந்து பாதுகாப்புத் திருத்தத்தையே தள்ளிப்போடுகிறார்.