இறையழைப்பும் தன்மதிப்பும்: ‘ஜேன் அயர்’ நாவலில் ஒரு மறுப்பு

சார்லட் பிரான்டே எழுதிய ‘ஜேன் அயர்’ 1847 அக்டோபரில் இலண்டனில் வெளிவந்தது. நூலின் முகப்பில் கர்ரர் பெல் என்ற பெயர் இருந்தது; எழுதியவர் ஆணா பெண்ணா என்று துணிய இயலாதபடி தேர்ந்தெடுத்த புனைபெயர் அது. பெண்ணின் விடுதலை உணர்வையும் தன்மதிப்பையும் பற்றி ஆங்கில நாவல்களிலிருந்து சான்று காட்ட விழைவோர் அன்றுமுதல் இந்நூலையே முதலில் நாடி வந்துள்ளனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் ஜேனுக்கும் அவளுடைய எசமானர் ராச்செஸ்டருக்கும் இடையே நிகழும் போராட்டத்தோடு நின்றுவிடுகின்றனர். நாவலின் இறுதிப் பகுதியில் வரும் போதகர் செயிண்ட் ஜான் ரிவர்ஸ் அவர்களுக்கு ஒரு துணைப்பாத்திரம் மட்டுமே. கதையைத் திரைப்படமாக்கியோரும் அவரைச் சில காட்சிகளில் அடக்கிவிடுவது வழக்கம். ஜேனின் தன்மதிப்பு சந்தித்த மிகக் கடுமையான சோதனை ராச்செஸ்டரின் மாளிகையில் அன்று, இந்தப் போதகரின் இல்லத்திலேயே நேர்ந்தது என்பது நம் துணிபு. திருப்பணிக்கென ஆயத்தப்படுவோரும் அதில் ஈடுபட்டிருப்போரும் இப்பகுதியை நிதானமாகப் படிப்பது நலம்.

நூலாசிரியர் யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்னும் ஊரில் பணியாற்றிய ஆங்கிலத் திருச்சபைக் குருவானவரின் மகள். குருமார் மகளிருக்கென நடத்தப்பட்ட கோவன் பிரிட்ஜ் உறைவிடப் பள்ளியில் சிறுவயதில் பயின்றார். அப்பள்ளியிலிருந்து நோயுற்றுத் திரும்பிய அவருடைய மூத்த சகோதரியர் மரியாவும் எலிசபெத்தும் 1825-இல் மாண்டனர். நாவலில் வரும் லோவுட் பள்ளி அந்நினைவுகளிலிருந்து பிறந்ததே. அதன் மேலாளராகிய குருவானவர் பிராக்கிள்ஹர்ஸ்ட், பசியும் குளிரும் மாணவியரின் ஆன்மாவுக்கு நன்மை பயக்கும் என்று போதிக்கிறார். ஏழைப்பிள்ளைகளின் சுருண்ட கூந்தலை வெட்டியெறியுமாறு கட்டளையிடுகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவியும் புதல்வியரும் பட்டும் வெல்வெட்டும் அணிந்து, கூந்தலைச் சுருள் சுருளாக அலங்கரித்து, அவ்வறைக்குள் நுழைகின்றனர். ஆசிரியர் தம் சார்பில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையுமில்லை.

இத்தகைய காட்சிகளால் நாவலுக்குச் சமயவிரோத நூல் என்ற பழி எளிதில் வந்தது. 1848 டிசம்பரில் ‘குவார்ட்டர்லி ரிவியூ’ இதழில் பெயர் குறிப்பிடாது எழுதிய எலிசபெத் ரிக்பி அம்மையார், இது கிறிஸ்தவ நெறிக்கே மாறான படைப்பு என்றும், இறைவன் வகுத்த ஏற்றத்தாழ்வுகளை எதிர்த்து முறுமுறுக்கும் நூல் என்றும் சாடினார். அதற்கு ஓராண்டு முன்பே, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், உலக வழக்கம் வேறு, அறநெறி வேறு. தன்னை நீதிமானாகக் காட்டிக்கொள்வது வேறு, மெய்ச்சமயம் வேறு என்ற கருத்தில் சார்லட் பிரான்டே விடையிறுத்திருந்தார். முகமூடியைக் கிழிப்பவர் முகத்தைக் கிழிக்கவில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். ரிக்பி அம்மையாரின் திறனாய்வை நாம் எளிதாக ஒதுக்கிவிடலாகாது. தாழ்மையையும் நன்றியறிதலையும் பெண்ணின் தலையாய பண்புகளாகக் கருதிய அக்காலத்துச் சபை மக்கள் பலரின் உள்ளத்தில் இருந்ததையே அவர் எழுதினார். அது அக்காலத்தோடு ஒழிந்துவிட்டதா என்பதை வாசகர்கள் தத்தம் சபைகளை எண்ணிப் பார்த்து அறிந்துகொள்ளட்டும்.

ஜேன் ஆதரவற்றவள்; அழகியும் அல்லள். லோவுட்டில் ஆண்டுக்கு 15 பவுன் ஊதியம் பெற்ற ஆசிரியை, தானே செய்தித்தாளில் விளம்பரம் செய்து, 30 பவுன் ஊதியத்தில் ராச்செஸ்டரின் தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஒரு சிறுமிக்குக் கல்வி புகட்டும் பணியில் அமர்கிறாள். எசமானரின் காதலுக்கு உடன்பட்ட பின்னரும் அவர் வாங்கித் தர விரும்பும் பட்டாடைகளும் அணிகளும் அவளுக்குக் கூச்சத்தையே தருகின்றன. திருமணத்திற்குப் பின்னும் அதே 30 பவுனுக்குக் கற்பித்து, தன் உணவுக்கும் உடைக்கும் தானே ஈட்டுவேன் என்று அவரிடம் கூறிவிடுகிறாள். அதே கூச்சத்தின் விளைவாக, சிறிதேனும் சொந்தப் பொருள் கிட்டக்கூடும் என்னும் நம்பிக்கையில், மதீராத் தீவிலுள்ள தன் சிறிய தகப்பனாருக்குத் தன் திருமணச் செய்தியை எழுதுகிறாள். அக்கடிதத்தின் வழியாகவே செய்தி மேசன் என்பவருக்கு எட்டுகிறது; அவர் வந்து, ராச்செஸ்டரின் முதல் மனைவி உயிரோடிருப்பதை ஆலயத்திலேயே வெளிப்படுத்தித் திருமணத்தைத் தடுக்கிறார். தன் காலில் நிற்க வேண்டுமென்ற சிறு முயற்சியே அவளை ஒரு பொய்த் திருமணத்தினின்று காப்பாற்றியது. கதையமைப்பில் உள்ள இந்நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை.

அதன்பின் ராச்செஸ்டர் அவளிடம் மன்றாடுகிறார். உனக்கு உற்றார் உறவினர் இல்லை, நீ என்னோடு வாழ்வதால் யாருக்கு என்ன தீங்கு என்பது அவருடைய வாதம். கேட்க யாருமில்லாத நிலையிலேதான் நான் என்னை இன்னும் மிகுதியாக மதிக்கவேண்டும் என்ற பொருள்பட அவள் மறுமொழி கூறுகிறாள்; கடவுள் தந்த கட்டளை சோதனை வேளைக்கே உரியது என்கிறாள். இங்கே தன்மதிப்பும் இறைக்கட்டளையும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. விடியுமுன் வெளியேறி, மூன்று நாள் உணவின்றி அலைந்து, பன்றிக்குக் கொட்டவிருந்த ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கி உண்ணும் நிலைக்கு அவள் தாழ்கிறாள். தன்மதிப்பு என்பது வயிறு நிறைந்தவர்களின் சொல் என்று எண்ணுவோர்க்கு அக்கஞ்சி விடை கூறும்.

ஆயினும் அச்சோதனையில் ஒரு தெளிவு இருந்தது. வேண்டுவோர் காதலர், மறுக்கச் சொல்வது கட்டளை. அடுத்த சோதனையில் அத்தெளிவும் பறிபோகிறது.

அவளை வாசற்படியிலிருந்து எடுத்துக் காத்தவர் செயிண்ட் ஜான் ரிவர்ஸ். பின்னர் அவர் அவளுடைய அத்தை மகன் என்பதும் தெரிய வருகிறது. அவள் நாட்டுப்புறச் சிறுமியருக்கான பள்ளியொன்றை அவர் ஏற்பாட்டின்படி நடத்துகிறாள். மாணவியர் இருபதின்மர், அவருள் படிக்கத் தெரிந்தோர் மூவரே. சிறிய தகப்பனார் விட்டுச்சென்ற 20,000 பவுன் அவளுக்குக் கிட்டியபோது, அதனை நான்கு பங்காக்கி, அவருக்கும் அவர்தம் இரு சகோதரியருக்கும் ஆளுக்கு 5,000 பவுன் வழங்குகிறாள். ஆகவே இப்போது அவள் யாருடைய ஊதியத்தையும் எதிர்பார்த்து நிற்பவள் அல்லள். பொருளாதார விடுதலை கிட்டிவிட்டால் பெண்ணின் அடிமைத்தளை அறுந்துவிடும் என்பவர்கள், அவளுடைய மிகப் பெரிய ஆபத்து இதற்குப் பின்னரே வருகிறது என்பதை நோக்கவேண்டும்.

அந்த ஆபத்து மெல்ல மெல்ல வருகிறது. செயிண்ட் ஜான் இந்தியாவுக்கு மிஷனெரியாகச் செல்லவிருப்பவர். ஜேன் கற்றுக்கொண்டிருந்த ஜெர்மன் மொழியை விட்டுவிட்டு, தாம் பயிலும் இந்துஸ்தானியைத் தம்மோடு பயிலுமாறு பணிக்கிறார். அவள் மறுப்பதில்லை. அவர் ஒருநாளும் குரலை உயர்த்துவதில்லை, கொடுமையாளரும் அல்லர். அவருடைய பாராட்டு மிகச் சிக்கனமானது. அதனாலேயே அதனைப் பெறவேண்டுமென்ற வேட்கை அவளைப் பிடித்துக்கொள்கிறது. போ என்றால் போகிறாள், வா என்றால் வருகிறாள். தன் இயல்பில் பாதியை மறுத்துத்தான் அவரை மகிழ்விக்க இயலும் என்று அவளே உணர்கிறாள். ஆன்மீகத் தலைமை ஒருவருடைய உள்ளத்தை எவ்வாறு சிறிது சிறிதாகக் கைப்பற்றுகிறது என்பதை இத்துணை நுட்பமாகச் சித்திரித்த வேறொரு நாவலை நாம் எளிதில் சுட்ட இயலாது.

இறுதியில் அவர் தம் கருத்தை வெளியிடுகிறார். அவள் மிஷனெரியின் மனைவியாக இருக்கவே படைக்கப்பட்டவள். காதலுக்காக அன்று, உழைப்புக்காக. தம் இன்பத்திற்காக அல்ல, தம் ஆண்டவரின் ஊழியத்திற்காகவே அவளைக் கேட்பதாகவும் கூறுகிறார். ஜேனின் விடையை ஊன்றி நோக்குவோர் வியப்படைவர். அவள் இந்தியாவுக்கு வர மறுக்கவில்லை. அந்நாட்டுத் தட்பவெப்பத்தில் தான் நெடுநாள் உயிரோடிருக்க மாட்டாள் என்று அறிந்தே, உடன்ஊழியராக, சகோதரியாக வர இசைகிறாள். அன்பில்லாத மணவாழ்வை மட்டுமே மறுக்கிறாள். ஊழியத்திற்கு உயிரைத் தரலாம், உள்ளத்தைப் பொய்யாக்கித் தரலாகாது என்பது அவள் வகுத்த எல்லை.

செயிண்ட் ஜான் இதனை ஏற்பதில்லை. முப்பது வயது நிறையாத தாம் பத்தொன்பது வயதுப் பெண்ணை மணம் செய்யாமல் எப்படி அழைத்துச் செல்வது என்று கேட்கிறார். உலக வழக்கின்படி இது நியாயமான கேள்வியே. ஆனால் வரலாறு வேறு வழியையும் அறிந்திருந்தது. மேரி ஆன் குக் என்பவர் மணமாகாதவராகவே 1821-இல் கல்கத்தா வந்து பெண்கள் பள்ளிகளைத் தொடங்கினார். கீழைநாட்டுப் பெண்களின் கல்விக்கென 1834-இல் இலண்டனில் தோன்றிய சங்கம் மணமாகாத பெண்களை ஆசிரியைகளாக அனுப்பி வந்தது. ஜேன் கேட்டது நடவாத காரியம் அன்று.

அடுத்து அவர் கூறுவதே இப்பகுதியின் மையம். நீ மறுப்பது என்னையன்று, கடவுளையே என்கிறார். அதன்பின் ஓர் இரவு, குடும்ப ஜெபவேளையில், வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபத்தோராம் அதிகாரத்தை வாசிக்கிறார். புதிய வானமும் புதிய பூமியும் பற்றிய அந்த அதிகாரத்திலேயே, பயப்படுகிறவர்களுக்கும் அவிசுவாசிகளுக்கும் உரிய அக்கினிக் கடலைக் குறித்த எச்சரிப்பும் உண்டு. அவ்விடம் வந்தபோது அவர் குரல் மாறுவதை அவள் உணர்கிறாள். அது தனக்காகவே வாசிக்கப்படுகிறது என்பதும் அவளுக்குப் புரிகிறது. பின்னர் அவர் அவள் தலைமேல் கைவைத்துப் பரிவோடு பேசுகிறார். கடுமைக்கு எதிர்நின்றவள் இப்பரிவுக்குத் தளர்ந்துபோகிறாள். இது இறைச்சித்தம் என்று உறுதியாகத் தெரிந்தால் இப்போதே இசைவேன் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிடுகிறாள். பிராக்கிள்ஹர்ஸ்ட் போலி; போலியை வெறுப்பது எளிது. செயிண்ட் ஜான் மெய்யான பக்தர். தம் உயிரையும் பொருட்படுத்தாதவர். மெய்யான பக்தரே திருமறையைத் தம் விருப்பத்திற்குக் கருவியாக்கும்போது அதனை எதிர்ப்பது எத்துணை அரிது என்பதை ஆசிரியர் நமக்குக் காட்டுகிறார்.

அக்கணத்தில் தொலைவிலிருந்து ராச்செஸ்டரின் குரல் தன்னை அழைப்பதாக அவள் கேட்கிறாள். இக்குரல் கதைக்குப் பொருந்தாத மாயம் என்று குறை கூறுவோர் உளர். நமக்கும் அதில் முழுநிறைவு இல்லை. அவள் தன் மனத்தெளிவினாலேயே அவரை மறுத்திருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் குரலைவிடச் சிறப்பானது அதன்பின் நிகழ்வது. அவள் செயிண்ட் ஜானைப் போகச் சொல்கிறாள், அவரும் கீழ்ப்படிகிறார். தன் அறைக்குச் சென்று கதவைத் தாழிட்டு, முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள். அது அவருடைய முறையன்று, வேறொரு முறை, ஆயினும் பயனுள்ளது என்று அவளே குறிக்கிறாள். இந்நாவலில் பெண் ஒருத்தி பெறும் மிகப் பெரிய விடுதலை இந்த ஜெபமே என்று நாம் கருதுகிறோம். இடையில் ஒருவருமின்றி இறைவன் முன் தான் நிற்கலாம் என்பதை அவள் கண்டுகொண்டாள். சீர்திருத்தத் திருச்சபைகள் ஏட்டளவில் என்றும் போற்றும் கொள்கை இது; ஒரு பெண்ணின் அறைக்குள் அது மெய்யாகும்போது எத்தனை போதகர்கள் மகிழ்வர் என்பது ஐயமே.

இக்காட்சிக்கு ஆசிரியரின் வாழ்விலும் வேர் உண்டு. தோழியின் சகோதரரான ஹென்றி நஸ்ஸி என்னும் குருவானவர் 1839-இல் அவரை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். உயிரைத் தரத்தக்க பற்று தமக்கு அவரிடம் இல்லை என்பதால் சார்லட் மறுத்தார். மறுத்தபின் அவர் சென்றது பிறர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஊதியப் பணிக்கே.

நாவலைப் போற்றும் நாம் அதன் இருட்பகுதியையும் சொல்லியாகவேண்டும். மாடியில் அடைக்கப்பட்ட முதல் மனைவி பெர்த்தா ஜமைக்காவைச் சேர்ந்தவள். 30,000 பவுன் சீதனத்தோடு வந்தவள். அவளுக்கு இந்நூலில் ஒரு பேச்சும் இல்லை. தன்மதிப்பை இத்துணை போற்றும் ஜேன் அவளைக் காணும்போது விலங்கையே காண்கிறாள். டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-இல் ‘வைட் சர்காசோ சீ’ என்ற நாவலில் அவளுக்குப் பேசும் வாயைத் தந்தபோதுதான் பல வாசகர்கள் இக்குறையைக் கண்டனர். ஜேனுக்கு விடுதலை தந்த செல்வமும் மதீராவில் வணிகம் செய்தவருடையது. அவரோ ஜமைக்கா வணிகக் குடும்பத்தாரோடு தொடர்புடையவர். ஒருத்தியின் விடுதலைக்கு வேறு யார் யார் விலைகொடுத்தனர் என்னும் கேள்வியை நாவல் எழுப்பவில்லை. எழுப்பவேண்டியது படிப்போர் கடன்.

நாவலின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியுள்ளது. கண்ணிழந்து, ஒரு கையும் இழந்த ராச்செஸ்டரிடம் ஜேன் தன் விருப்பத்தாலும் தன் பொருளோடும் திரும்பி வந்து அவரை மணக்கிறாள். கதை அவ்வில்லத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் கடைசிப் பத்திகள் இந்தியாவில் தனித்து உழைத்து மரணத்தை எதிர்நோக்கும் செயிண்ட் ஜானைப் பற்றியவை. திருமறையின் இறுதி ஜெபத்தைத் தழுவி அவர் எழுதிய சொற்களோடு நூல் நிறைவுறுகிறது. அவள் கண்ணீரோடும் மகிழ்ச்சியோடும் அவரைப் புகழ்கிறாள். இது முரண்பாடு என்பர் சிலர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவருக்குக் கீழ்ப்படிய வேண்டிய நிலையில் அவள் இப்போது இல்லை; ஆகவே அச்சமின்றி அவரை மதிக்க அவளால் இயலுகிறது. ஆனால் பத்தாண்டுக் காலம் அவர் எந்த மக்களிடையே உழைத்தாரோ அவர்களுள் ஒருவருடைய பெயரும் அந்தப் பத்திகளில் இல்லை. தான் பொறுப்பேற்று நடத்துவதாயிருந்த பள்ளிகளில் அமர்ந்திருக்கக்கூடிய இந்தியச் சிறுமியரை ஜேன் ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்தாளா என்று தேடினோம். அதற்கான வரி ஒன்றும் நமக்கு அகப்படவில்லை.