வரைபடத் தலைப்பில் ஓர் எண்: எப்படி ரசிப்பது?

கிராஃப் கைக்கு வந்ததும் கண் நேராகக் கோட்டுக்கும் புள்ளிக்கும் போய்விடும். தலைப்பில் ‘சாய்வு = 0.50’ என்று இருப்பதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அந்த எண்ணை யாராவது தட்டச்சு செய்தார்களா, கணக்கு முடிந்த கையோடு ஸ்கிரிப்டே நிரப்பியதா? ரசனை இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

பழகிப் பார்க்கத் தோதான தரவு, புள்ளியியலாளர் ஃபிராங்க் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் வெளியிட்ட நான்கு தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கையும் ஒரே லூப்பில் வரைந்து, பொருத்திய நேர்கோட்டின் சாய்வைத் தலைப்பில் செருகச் சொல்லலாம். பைத்தானில் அதற்கு எஃப்-ஸ்ட்ரிங் உண்டு. 2016 டிசம்பரில் வெளியான 3.6 பதிப்பில் வந்தது. மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் ‘எஃப்’. உள்ளே நெளிவு அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயர், முக்காற்புள்ளி, ‘.2’, மறுபடி ஓர் ‘எஃப்’. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்பதுதான் கட்டளை.

நான்கு தலைப்பிலும் 0.50 என்றே வருகிறது. படங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை: முதலாவதில் சாதாரணச் சிதறல், இரண்டாவதில் அழகான வளைவு, மூன்றாவதில் வரிசையை விட்டு எகிறிய ஒற்றைப் புள்ளி, நான்காவதில் செங்குத்தாக அடுக்கிய பத்துப் புள்ளிகளும் தூரத்தில் தனியாக ஒன்றும்.

அந்த 2-ஐ 4 ஆக்கினால் 0.5001, 0.5000, 0.4997, 0.4999 என்று வேறுபாடு எட்டிப் பார்க்கிறது. முக்காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டால் முதல் தலைப்பில் 0.50009090909 என்று வால் நீண்டுகொண்டே போகும். வெறும் பதினோரு புள்ளிகளுக்கு இத்தனை துல்லியம் ஆகாது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் எழுதிய ஸ்கிரிப்டை இந்த ஓர் இலக்கத்திலேயே அடையாளம் காணலாம்.

அடுத்து, வரிகளின் வரிசை. 1986-இல் பிறந்த வரைபட மென்பொருளான க்னூபிளாட்டில் சதவீதக் குறியிட்ட இடத்தில் மதிப்பை நிரப்புவது ‘ஸ்பிரிண்ட்எஃப்’ சார்பு. கோட்டைப் பொருத்தும் ‘ஃபிட்’ கட்டளைக்கு முன்பே தலைப்பை எழுதிவிட்டால், அந்த நொடியில் மாறியில் இருந்த மதிப்பே தலைப்பில் உறைந்துவிடும். தொடக்க ஊகமாக 1 கொடுத்திருந்தால், தலைப்பில் 1.00, படத்தில் 0.50 சாய்வுள்ள கோடு! இரண்டு வரிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கோப்புப் பெயரிலும் இதே கைவேலை உண்டு. எண்ணை இரண்டு இலக்கமாக்கி 01, 02 என்று நிரப்பாவிட்டால், அகர வரிசையில் 10-ஆம் படம் 2-க்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாக ஒரு சோதனை. நான்காம் தொகுப்பில் தனித்து நிற்கும் புள்ளியை நீக்கினால் மிச்சம் பத்துக்கும் கிடை அச்சு மதிப்பு 8-தான், சாய்வுக்கே இடமில்லை. சாய்வின் சூத்திரத்தைப் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் நேரடியாகக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் 0-ஐ 0-ஆல் வகுத்து, எண்ணுக்குப் பதில் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நான்’ (nan) என்ற குறியீட்டைத் தலைப்பில் கொண்டுவந்து நிறுத்தும். கையால் தட்டிய தலைப்போ அப்போதும் 0.50 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.