பல்வலிக்கு 10 மதிப்பெண்

பல் ஆரோக்கியத்தையும் அலுவலக ஊழியர்களின் மனச்சோர்வையும் இணைக்கும் ஆய்வுகளில் எனக்கு ஒரு சந்தேகம். பலவற்றில் அளவுகோல் பி.எச்.க்யூ-9. 2001-ல் வந்தது, ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டுத்தொகை 10 வந்தாலே மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு.

போன வருஷம் ஏற்காட்டில் இருந்தபடி வேலை பார்த்தப்போ கடைவாய்ப்பல் வலி. சேலம் இறங்கச் சோம்பல்பட்டு இரண்டு வாரம் கிராம்பை வைத்தே ஓட்டினேன். அந்தக் கேள்விகள் கேட்பதும் கடந்த இரண்டு வாரத்தைத்தான். போட்டுப் பார்த்தேன். தூக்கம் 3, களைப்பு 3, சாப்பாடு 3, கவனம் 1. ஆக 10!

தொடர்பே இல்லைன்னு சொல்ல வரலை. அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் அளந்துவிட்டு 'இதனால் அது' என்பது இடிக்கிறது. உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளை நீக்கிக் கணக்கைக் காட்டட்டும்.

ரூட் கனால் முடிந்து வலி போயிற்று. தூக்கத்துக்குப் போட்ட 3 மட்டும் இன்னும் இறங்கலை.