ஊர், சிஸ்டர், சேவை: ஓய்வு பெற்ற ஆசிரியையின் நினைவுரையும் மொழிபெயர்ப்பும்

1. சிக்கல்

மும்பை மாட்டுங்காவில் வாழும் தமிழரிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று வினவினால் ‘மாட்டுங்கா’ என்னும் விடை எளிதில் கிடைப்பதில்லை. அங்கேயே பிறந்து, பயின்று, ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவரும் பாலக்காட்டையோ தஞ்சையையோ திருநெல்வேலியையோ தம் ஊராகச் சுட்டுவதுண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றியது. அதன் தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த அடுக்குக் குடியிருப்புகளில் தென்னாட்டார் குடியேறினர். 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி நிறுவப்பட்டது. ஊரால் வேறுபட்ட இவர்கள் ‘தென்னிந்தியர்’ என்னும் பொது அடையாளத்தை இங்கே பெற்றதை நிகில் ராவ் 2013இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார்.

இச்சூழலில் ஓய்வு பெற்ற ஆசிரியையின் பேச்சில் ஊர் பற்றிய நினைவும் ஓய்வுக்குப் பின் செய்யும் தொண்டும் இணைந்தே வருகின்றன. இப்பேச்சு பெரும்பாலும் அச்சேறுவதில்லை. ஏறினும் ஆங்கிலத்தில் ஏறுகிறது. ஆங்கிலம் சென்று தமிழுக்கு மீளும்போது அது எதை இழக்கிறது என்பதை அறிய, அச்சில் உள்ள சகோதரி சுப்பலட்சுமியின் வரலாறு தக்க சான்றாகும்.

2. ஒரு வாழ்க்கை, இரு நூல்கள்

1886இல் மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமி இளமையிலேயே கணவரை இழந்தார். 1911இல் பட்டம் பெற்றார். இளம் விதவையர் தங்கிப் படிக்க இல்லம் அமைத்தார். அவ்வில்லம் பின்னர் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் இயங்கியது. 1922இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியை வழிநடத்தினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் மாடம்பாக்கத்தில் சமூக நல மையமும், 1956இல் மயிலாப்பூரில் பள்ளியும் உருவாகத் துணைநின்றார். 1969இல் மறைந்தார். அவர் நினைவுகூர்ந்து சொன்னவற்றை அடிப்படையாகக் கொண்டு மோனிகா பெல்டன் ‘எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி’ என்னும் ஆங்கில நூலை 1966இல் வெளியிட்டார். நாவலாசிரியர் அநுத்தமா அதனைச் ‘சேவைக்கு ஒரு சகோதரி’ எனத் தமிழாக்கினார். தமிழர் ஒருவரின் நினைவு ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

3. ஊர்

சுப்பலட்சுமி பிறந்தது மயிலாப்பூர். குடும்பத்தின் ஊரோ தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். பிறந்த இடமும் ஊரும் வேறாதல் மாட்டுங்காவுக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது. ‘கிராமம்’ அரசு வரையறுத்த நிலப்பகுதி. ‘ஊர்’ பேசுபவரை மையமாகக் கொண்டு பொருள்படுவது என வாலண்டைன் டேனியல் 1984இல் எழுதிய நூலில் வேறுபடுத்துவார். கேட்பவர் யார் என்பதற்கேற்ப ஒருவரின் ஊரும் மாறும். ‘வில்லேஜ்’ என்றால் பட்டணத்து ஊர்கள் நீங்கும். ‘ஹோம் டவுன்’ என்றால் பிறப்பிடமே முந்தும். மும்பைத் தமிழர் பேச்சில் வழங்கும் ‘நேட்டிவ்’ என்பதே ‘ஊர்’ என்பதன் பொருளை ஓரளவு தாங்குகிறது. ஆங்கிலத்தில் பிழைபோலத் தோன்றும் இச்சொல்லைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் கடமையன்று.

4. சிஸ்டர்

தமிழ் உறவுப்பெயர் வயது வரிசையைக் கூறாமல் நிற்பது அரிது. அக்காள் அல்லது தங்கை என்று துணிந்தே ஆகவேண்டும். ‘சிஸ்டர்’ இக்கட்டாயத்திலிருந்து விலகியது. கிறித்தவக் கன்னியர் மடத்தின் சாயலையும் உடன்கொண்டது. மடத்துப் பள்ளியில் பயின்ற ஓர் இந்து விதவைக்கு இச்சொல் அமைந்ததில் ஒரு சமூக வரலாறே அடங்கியுள்ளது. ‘சகோதரி’ வயதின் பொதுமையைக் காக்கிறது. மடத்தின் சாயலை இழக்கிறது. பேச்சில் நிலைத்த ‘சிஸ்டர்’ என்பதையே எழுத்திலும் நிறுத்தியிருந்தால் பொருள் நிறைந்திருக்கும்.

5. சேவை

ஆங்கிலத் தலைப்பு அவர் மீது சுமத்தப்பட்ட நிலையைச் சொல்கிறது. தமிழ்த் தலைப்பு அவர் மேற்கொண்ட செயலைச் சொல்கிறது. விதவைமையே ஒரு பெண்ணின் முகவரியாவதைத் தமிழ்த் தலைப்பு தவிர்த்தது பாராட்டுக்குரியது. எனினும் ‘குழந்தை விதவை’ என்னும் சொல்லில் உள்ள குற்றச்சாட்டு அதில் மறைந்துவிடுகிறது. சேவையின் தன்னலமின்மை முன்னிற்க, அச்சேவை எந்த அநீதிக்கு விடையாக எழுந்தது என்பது பின்னுக்குச் செல்கிறது.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. ‘முப்பது வருஷம் சர்வீஸ்’ என்னும்போது பேச்சுத்தமிழ் ஊதியம் பெற்ற பணியையே குறிக்கிறது. ஊதியமற்றது சேவை அல்லது தொண்டு. தொண்டு என்பதில் அடியார் மரபும், சேவை என்பதில் தேசிய இயக்கத்தின் குரலும் ஒலிக்கின்றன. மராத்தி, இந்திச் சூழலின் ‘சேவா’ மும்பையில் பின்னதற்கு வலுவூட்டுகிறது. ஆங்கிலத்தில் இவை யாவும் ‘சர்வீஸ்’ என்னும் ஒரே சொல்லாகும்போது, ஆசிரியையின் வாழ்வை இரண்டாகப் பகுக்கும் ஓய்வு என்னும் கோடே அழிகிறது.

6. முடிவு

மூல ஒலிப்பதிவோ எழுத்துப்படியோ தமிழில் இல்லாதபோது, மீள்மொழிபெயர்ப்பு எத்துணைத் திறமையுடையதாயினும் ஊகமாகவே அமையும். அநுத்தமாவின் தேர்வுகளில் காணும் குறை அவருடையது மட்டுமன்று; தமிழ்ப் பேச்சு தமிழில் பதிவாகாமையின் விளைவும் ஆகும். மாட்டுங்காவில் அடுத்த தலைமுறை ஆங்கிலத்திலேயே மிகுதியும் படிக்கிறது; ஆகவே பதிவு ஆங்கிலத்தில் தொடங்குவது எளிது. எளிது என்பதாலேயே அது ஆபத்தானதும் ஆகும். மகளிர் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் ‘ஸ்பேரோ’ ஆவணக் காப்பகம் 1988 முதல் மும்பையிலேயே முன்மாதிரியாக உள்ளது. ஓய்வு பெற்ற ஆசிரியையரின் நினைவுகள் முதலில் அவர்தம் பேச்சுத் தமிழிலேயே, ‘நேட்டிவ்’, ‘சர்வீஸ்’, ‘சிஸ்டர்’ ஆகியவை நீக்கப்படாமல், பதிவுபெற வேண்டும். மொழிபெயர்ப்பு அதன்பின் தொடங்கலாம்.