நிலவறையில் கிடந்த கலம்

'ஸ்மோல்வில்' தொடரை நாம் லண்டனில் பிள்ளைகளுக்குத் துணையாகத்தான் பார்க்கத் தொடங்கினோம். 2001இல் அமெரிக்காவில் ஆரம்பித்து, பத்துப் பருவங்கள் ஓடி, 2011இல் முடிந்த தொடர். இங்கே சனல் 4, ஈ4 வழியாக வந்தது. சுப்பர்மான் ஆவதற்கு முந்திய கிளார்க் கென்ற் என்னும் பள்ளிக்கூடப் பொடியனின் கதை. அவன் பறக்கமாட்டான், அந்த உடுப்பையும் போடமாட்டான் என்பது தயாரிப்பாளர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. விண்கல்லால் விகாரமடைந்த யாராவது வாரந்தோறும் வந்து அடிவாங்கிப் போகும் முதற் பருவம் எமக்குச் சலித்தது.

ஆனால் முதல் அத்தியாயத்தின் ஒரு காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. வளர்த்த தகப்பன் ஜொனதன், 1989இல் மகன் வந்திறங்கிய கலத்தை நிலவறையில் காட்டுகிறார். பன்னிரண்டு வருடம் ஒளித்து வைத்தது. எழுத்துப் பொறித்த தகடொன்றையும் கொடுக்கிறார். அதை வாசிக்க அவருக்கும் தெரியாது. ஏன் முதலே சொல்லவில்லை என்று பொடியன் கோபித்துக்கொண்டு ஓடுகிறான்.

எம்மில் எத்தனை பேரின் கட்டிலடியில் அந்தப் பெட்டி கிடக்கிறது? காணி உறுதி, பிறப்பத்தாட்சி, 1983இல் எரிந்த வீட்டின் படம். பிள்ளைகளின் படிப்புக் குழம்பும் என்று பூட்டியே வைத்தோம். ஜொனதனுக்காவது ஒரு சாட்டு உண்டு. எமக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும்.

கிளார்க்கை விழுத்துவது அவனுடைய ஊர்க் கல்லேதான். லனாவின் கழுத்துச் சங்கிலியில் இருப்பதும் அதுவே, அவளுடைய தாய்தகப்பனைக் கொன்ற விண்கல்லின் துண்டு. இழவை நகையாகப் போட்டுத் திரியும் அவளை எமக்குத் தெரியும். எம் கூட்டங்களிலும் கண்டிருக்கிறோம். எழுதியவர்கள் இவ்வளவு யோசித்தார்களோ தெரியாது. ஆனால் 1938இல் வெளிவந்த சுப்பர்மானைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ சஸ்டரும் குடிபெயர்ந்த யூதரின் பிள்ளைகள்.

2003இல் வந்த 'ரொசெற்றா' அத்தியாயத்தில், பழைய சுப்பர்மான் கிறிஸ்தோபர் றீவ் சக்கர நாற்காலியில் இருந்தபடி, பொடியனுக்கு அவனுடைய பிறந்த கிரகத்தின் பெயரைச் சொல்லுகிறார். ஊரின் பெயரை அந்நியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தொடரின் உச்சம் அதுதான். பிறகு தகப்பன் விட்டுச்சென்ற செய்தி வருகிறது: இந்த மனிதரை ஆளு என்று. பொடியன் பயந்துபோகிறான்.

அதற்குப் பிறகு தொடர் எம்மை ஏமாற்றிவிட்டது. பிறந்த மண் என்றால் கட்டளையிடும் தகப்பன் குரல் மட்டுந்தான். தாய் லாரா எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்தக் கிரகத்தில் சனங்கள் என்ன சமைத்தார்கள், பிள்ளைகளை என்ன சொல்லி நித்திரையாக்கினார்கள் என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை.